நான்கு வாட்டுக்குள்

அவள் மீது புகார் எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் எளிது.

அவளும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவோம். அவள் பண்டசோழநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் நெல்லும் கரும்பும். நான் வில்லியனூர் கடைத்தெருவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர் மகள். காலேஜுக்குப் போகும் முன்பே ஒயர் சீவவும் சாலிடர் வைக்கவும் எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் செமஸ்டர் முழுக்க நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது செமஸ்டரில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

லேபில் மின்னலையைக் காட்டும் கருவியின் திரையில் அலை நிற்காமல் ஓடினால் நாங்கள் எல்லாரும் குமிழ்களை மாற்றி மாற்றித் திருகுவோம். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரே ஒரு குமிழைத் தொடுவாள். அலை நின்றுவிடும். அந்தக் கைகட்டல் எனக்குப் பிடிக்காது. மார்க்கில் தோற்றதைவிட, அவள் அவசரப்படாமல் நின்றதுதான் என்னை உறுத்தியது.

படிப்பு முடிந்து நான் கடைக்கு வந்தேன். பல்பு, மோட்டார் ஒயருக்குப் பக்கத்தில் கேமராவும் வைஃபை பெட்டிகளும் ஏறின. ஒரு பெரிய இன்டர்நெட் கம்பெனியின் ஏஜென்சி எடுத்து வில்லியனூரைச் சுற்றி இணைப்பு கொடுக்க ஆரம்பித்தேன். அவள் சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் பாகூரில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அதே கம்பெனியின் ஏஜென்சியை அந்தப் பக்கத்துக்கு எடுத்தாள். கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது பார்த்தால் நன்றாகத்தான் பேசிக்கொள்வோம். இருவருக்கும் நடுவில் நிறைய வயல்வெளி இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

கடல் வேலையை என் கடைக்குக் கொண்டுவந்தவர் ஒரு மீன்காரம்மா. வில்லியனூர் மார்க்கெட்டில் கூடை வைத்திருந்தார். ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கடற்கரைக் குப்பம். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு. செல்போன் ரீசார்ஜுக்கு வரும்போதெல்லாம் ஒரே குறை சொல்வார். பன்னிரண்டு பாகம் தாண்டினால் அவர் போனில் சிக்னல் எடுப்பதில்லை. பாகம் என்பது ஆழக்கணக்கு. கடற்கரைக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, தண்ணீர் எத்தனை பாகம் என்றுதான் சொல்வார்கள். வலையில் இன்ன மீன் விழுந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஐஸும் வண்டியும் சொல்லிவைக்கலாம், இல்லாவிட்டால் படகு மணலில் ஏறும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்பார்.

"நீ வூட்டுக்கு வூடு வைஃபை குடுக்கறியேம்மா, படகுக்குக் குடுக்க முடியாதா?" என்று ஒரு நாள் கேட்டார்.

முடியும் என்று எனக்குத் தெரியும். வைஃபை ஓடும் அலைவரிசைக்கு யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கம்பத்தில் ஒரு ரேடியோவும் ஆன்டெனாவும், படகில் ஒரு ரேடியோவும் பேட்டரியும் இருந்தால் போதும். அரசாங்கம் சக்திக்கு மட்டும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. நான் போட இருந்த அலைவரிசையில், ஆன்டெனாவை விட்டு வெளியே போகும் சக்தி நான்கு வாட்டைத் தாண்டக்கூடாது. ஒரு சின்ன எல்இடி பல்பு எரியும் அளவு. அதை வைத்துக்கொண்டு கடலைக் கடக்க வேண்டும்.

அவர்கள் குப்பத்து ஐஸ் கம்பெனி மாடியில் கம்பம் நட்டேன். மீன்காரம்மா வீட்டுக்காரர் படகில்தான் முதல் பெட்டி. மறுநாள் காலை மார்க்கெட்டில் அவர் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். போன் அடித்தது. திரையில் அவர் வீட்டுக்காரர் முகமும், பின்னால் தண்ணீரும், காலடியில் துள்ளும் சங்கரா மீனும். அந்தம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எல்லாரிடமும் காட்டினார். இத்தனை வருடத்தில் அவர் புருஷன் வேலை செய்வதை அவர் பார்த்ததே அன்றுதான் முதல் தடவையாம். நான் ஸ்கூட்டரில் கடைக்குத் திரும்பியபோது சிரித்துக்கொண்டே வந்தேன் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

பதினைந்து பாகம் வரை எடுத்தது. ஆறு படகுகள் சேர்ந்தன.

அந்த மழைக்காலம் முடிந்ததும், தெற்கே அடுத்த குப்பத்தில் அவளும் போட்டாள். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, தண்ணீர் டேங்க் மேல் கம்பம் ஏற்றினாள். அவள் இணைப்பு கொடுத்த படகுகளில் முப்பது பாகத்தில் போன் பேசினார்கள்.

முப்பது. என் கணக்கில் இரண்டு மடங்கு.

கடலில் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இதெல்லாம் மறைக்க முடியாது. என் ஆறு படகில் இரண்டு முதலில் போயின. பிறகு இன்னும் இரண்டு. அதில் ஒன்று மீன்காரம்மா படகு. அதை அவரே என்னிடம் சொன்னார், நான் வாங்கிய காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டே.

"கோச்சுக்காதம்மா. அவுரு இப்போ தூரமாப் போறாரு. உன்னுது அங்க எடுக்கல, அந்தப் பொண்ணுது எடுக்குது. இன்னா பண்றது?"

கோபமில்லை என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று குழம்பு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது இறங்கவில்லை. 'அந்தப் பொண்ணு' என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு செல்லம் இருந்தது. என்னை அவர் எப்போதும் கடைக்காரம்மா என்றுதான் மற்றவர்களிடம் சொல்வார்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி நினைக்காத நாளில்லை. அவள் சக்தியைக் கூட்டித்தான் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அது பெரிய வித்தையும் அல்ல. ரேடியோவின் அமைப்புப் பக்கத்தில் எந்த நாடு என்று ஓர் இடம் இருக்கும். இந்தியாவை எடுத்துவிட்டு, கட்டுப்பாடு தளர்ந்த வேறொரு நாட்டைப் போட்டால் பூட்டு திறந்துகொள்ளும். தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் தொட்டதில்லை. தொடாதவள் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவள் தொட்டிருப்பாள் என்று நம்புவதற்கு எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

ஒரு மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் வழியாகப் போய், அவள் டேங்குக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய ஆன்டெனா. மாடல் எண் வரை படித்துவிட்டேன். கீழே சற்றுத் தள்ளி இன்னொன்று எதற்கோ இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாகக் கிளம்பினேன். அதே ஆன்டெனாவை வரவழைத்தேன். ஐஸ் கம்பெனி மாடியில் பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன்.

பதினெட்டு பாகம் வரை எடுத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அதே ஆன்டெனா, அதே கடல், அவளுக்கு முப்பது, எனக்குப் பதினெட்டு. இனி சந்தேகமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் மிச்சமிருந்த இரண்டு படகில் ஒன்றின் சொந்தக்காரரிடம், சோதனைக்காக ஒரு நாள் கடலுக்குள் வருகிறேன் என்று கேட்டேன். பெண் படகில் ஏற அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து நிறையக் காரணங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் சாதாரணமாக வரச் சொன்னார்.

வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டோம். அலையைத் தாண்டும்வரை தைரியமாக இருந்தேன். பிறகு குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. மடியில் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பலகையைப் பற்றிக்கொண்டு, இரண்டு முறை கடலில் வாந்தி எடுத்தேன். பதினெட்டு பாகத்தில் என் சிக்னல் தள்ளாடியது, பிறகு செத்தது. அவளுடையது நின்றது. இருபத்தைந்து பாகத்தில் நின்றது. முப்பதிலும் நின்றது. அவள் லேபில் நிறுத்திய அலை மாதிரி அசையாமல் நின்றது.

படகுக்காரர் எனக்குக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். "அந்தப் பொண்ணும் இப்டிதாம்மா. நாலு தபா வந்துச்சு எங்காளுங்க படகுல. வாந்தி எடுத்துக்கினே கம்ப்யூட்டரப் பாத்துச்சு," என்றார்.

நாலு தடவை. நான் அதுவரை ஒரு தடவை கூடக் கடலுக்குள் போனதில்லை. கரையில் கம்பம் நட்டுவிட்டு, படகுக்காரர்கள் வந்து சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படகுக்காரர் இதையும் அவளுக்குச் சாதகமாகச் சொல்கிறாரே என்ற எரிச்சல்தான் வந்தது.

அந்த வாரமே ரேடியோ அலைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்தேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சக்தியைப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது, கடல்மேல் இதன் அலைப்பரவல் இயல்புக்கு மாறான தூரம் செல்கிறது, நேரில் ஆய்வு செய்ய வேண்டுகிறேன் என்று எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்தார்.

"உனக்குப் பிரச்சனை சிக்னலா, அவளா?" என்று கேட்டார்.

சட்டம் சட்டம்தானே என்றேன். நான் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன். தபால் பெட்டியில் போட்டபோது மனம் லேசானது. அந்த லேசை நான் இப்போதும் மறக்கவில்லை. அது நல்ல லேசு அல்ல.

ஒரு மாதம் கழித்து ஓர் அதிகாரி போன் செய்தார். அந்தக் கடற்கரையில் இணைப்பு கொடுக்கும் இருவரையும் பார்க்கப் போவதாகவும், இருவருமே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னையும் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. சரி, பார்த்துக்கொள்ளட்டும், எனக்கென்ன பயம் என்று போனேன்.

முதலில் அவள் டேங்க். அவள் முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி சுமார் ஐம்பது வயதுக்காரர், குரல் உயர்த்தாதவர். ஜீப்பிலிருந்து கருவியை எடுத்து வைத்து அளந்தார். லேப்டாப்பில் அவள் ரேடியோவின் அமைப்பைத் திறக்கச் சொன்னார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நாடு, இந்தியா. சக்தி, நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, என் ரேடியோவைவிடக் குறைவு. நன்றாகக் குறைத்து வைத்திருந்தாள். ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நான்கு வாட்டுக்குச் சற்றுக் கீழே.

இவ்வளவு குறைத்துவிட்டு எதற்கு இவ்வளவு பெரிய ஆன்டெனா என்று அதிகாரி கேட்டார்.

"பேசறதுக்குத்தான் சார் ரூல்ஸ்ல அளவு. கேக்கறதுக்கு அளவு இல்லியே," என்றாள். "படகுல இருக்கறது சின்ன ரேடியோ. ஆடிக்கினே பேசும். அது பேசறது நமக்குத்தான் சார் விழாம போவுது."

அவர் தலையாட்டிக்கொண்டே கீழே இருந்த இரண்டாவது ஆன்டெனாவைப் பற்றியும் கேட்டார். கடல் தண்ணீர் அலையைத் திருப்பி அடிக்கிறது, நேராக வருவதும் தண்ணீரில் பட்டு வருவதும் சில தூரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன, உயரம் மாறினால் அந்த இடங்களும் மாறும், அதனால் ஒன்று கேட்காத இடத்தில் மற்றது கேட்கும் என்று அவள் விளக்கினாள். இதையெல்லாம் எங்களுக்கு ஐந்தாவது செமஸ்டரில் நடத்தினார்கள். நானும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். பரீட்சையில் படம் போட்டு எழுதியும் இருக்கிறேன்.

பிறகு ஐஸ் கம்பெனி. அதிகாரி என் அமைப்பைத் திறந்து பார்த்தார், ஆன்டெனா மாடலைப் பார்த்தார், காகிதத்தில் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். கருவியிலும் அளந்தார். பத்து வாட்.

நான் நாட்டை மாற்றவில்லை. சக்தியையும் கூட்டவில்லை. ஆன்டெனாவை மட்டும் பெரிதாக்கினேன். ஆன்டெனா பெரிதானால் அதே சக்தி ஒரு பக்கமாகக் குவிந்து போகும், அந்தக் குவிப்பும் கணக்கில் சேரும், ஆகவே ரேடியோவைக் குறைத்தாக வேண்டும். அவள் மாட்டியிருந்த ஆன்டெனா கீழேயிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் குறைத்து வைத்திருந்தது தெரியவில்லை. புதிதும் பழையதுமான கம்பங்களில் இத்தனை வருடம் வேலை செய்தவள், பொறாமையில் ஒரு கழித்தல் கணக்கை மறந்துபோனேன்.

அதிகாரி எழுத்தில் எச்சரிக்கை கொடுப்பதாகவும், இப்போதே குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க லேப்டாப்பில் குறைத்தேன். அப்போது அவள் அதிகாரியிடம், ஆன்டெனா மாற்றும்போது யாருக்கும் இது விட்டுப்போகும், வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்று எனக்காகப் பேசினாள். அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜீப் போன பிறகு நாங்கள் இருவரும் மணலில் ஏற்றி வைத்த படகுகளின் நிழலில் நின்றோம்.

"நீதான எழுதுன?" என்றாள்.

நான் பக்கத்துப் படகின் கயிற்றை இழுத்து முறுக்கினேன்.

"ஆபீசரு லெட்டர என்கிட்ட காமிச்சாரு. அலைப்பரவல்னு போட்டிருந்துச்சு. நம்ம கிளாஸ்லயே நீ ஒருத்திதான்டி அந்த வார்த்தய சொல்லுவ. மத்தவங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் சொல்லுவோம்."

"நான்தான்," என்றேன்.

ஆபீசிலிருந்து போன் வந்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லையாம். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், படகுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்று பயந்து, இரண்டு தடவை டேங்க் மேல் ஏறி ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தாளாம். இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் குரல் நடுங்கியது.

"எப்டி எடுக்குதுன்னு வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க முடியலடி."

"ஏன்?"

"கேட்டா நீ சொல்லிக்குடுத்துருவ."

அவளுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னை ஒரு முறை பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு மாதம் நாங்கள் பேசவில்லை. அந்த நான்கு மாதத்தில் நான் மூன்று தடவை கடலுக்குப் போனேன். வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். எந்தத் தூரத்தில் சிக்னல் விழுகிறது, எங்கே மறுபடி எழுகிறது என்று எழுதிக்கொண்டு வந்து, ஐஸ் கம்பெனிச் சுவரில் கீழே இரண்டாவது ஆன்டெனாவை மாட்டினேன். உயரத்தை நானே கணக்குப் போட்டேன். குறைத்த சக்தியோடு இருபத்தாறு பாகம் வரை எடுத்தது. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. முப்பது அல்லவே என்றும் இருந்தது.

என் எட்டும் தூரம் கூடியதும் புதுச் சிக்கல் வந்தது. இரண்டு குப்பத்துக்கும் நடுவில் நின்ற படகுகளுக்கு இருவர் சிக்னலும் கேட்டது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டும் கெட்டது. ஒரு காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. வணக்கமில்லை, நலமா இல்லை. நான் எந்தச் சேனலில் ஓட்ட வேண்டும், அவள் எதில் ஓட்டுகிறாள் என்று இரண்டு எண்கள் மட்டும். சரி என்று எழுதி மாற்றினேன். அடுத்த வாரம் அவளே போன் செய்தாள். சேனலைப் பற்றித்தான் பேசினோம். அதற்கடுத்த வாரம் அவள் மகளுக்கு அம்மை போட்டிருப்பதைச் சொன்னாள். இப்போது வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறோம். புகாரைப் பற்றி இருவரும் எடுப்பதில்லை. அவள் மன்னித்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

மீன்காரம்மாவின் படகு இன்னும் அவளிடம்தான். மார்க்கெட்டில் பார்த்தால் அவர் எனக்கு நல்ல மீனாகப் பொறுக்கிப் போடுகிறார். அந்தப் பொண்ணு எப்படி இருக்கிறது என்று என்னிடமே விசாரிக்கிறார்.

போன மாதம் ஒருவர் புதுப் படகு இறக்கினார். முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்த இடத்துக்கு என் கம்பம்தான் பக்கம் என்று சொல்லி அவள் என்னிடம் அனுப்பிவைத்தாள். பெட்டியையும் கம்பத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மணலில் படகுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். பலகை மேல் ஏறி நின்று நான் ஆன்டெனாவை முறுக்கிக்கொண்டிருந்தபோது, படகுக்காரர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வர்லியாம்மா?"

"இல்லண்ணா, நான்தான்," என்று சொல்லிவிட்டு, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.